செல்லாத கல்யாணம்

என் கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்குப் போட வேண்டிய மாலையை நான் கூட்டத்தின் தலைவருக்குப் போட்டுவிட்டேன். பதற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் அது பழக்கதோஷம். ஊரில் எந்தக் கூட்டமென்றாலும் பேசப் போகிறவன் நான்; மேடையில் கையில் ஒரு மாலையைக் கொடுத்தால் என் கால்கள் தாமாகவே தலைவரின் நாற்காலியை நோக்கி நடக்கும். அவள் எனக்குப் போட்டாள், நான் அவருக்குப் போட்டேன். கூட்டம் கைதட்டியது. கழுத்துக்கு வந்த மாலையைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாதவர் தலைவர். தவறு எனக்கு உறைப்பதற்குள் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சீர்திருத்தக் கல்யாணம், ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலியும் வேண்டாம் என்றிருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு படிப்பகத்தின் வாசலில் பந்தல். பட்டு நெய்கிற ஊரில் மணப்பெண் நூல் சேலை கட்டியிருந்தாள். அதுவும் என் கொள்கைதான். மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட தறிக்காரர்கள் இதை மட்டும் மன்னிக்கவே இல்லை.

அவளுடைய அப்பா வரவில்லை. முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாதி, சாமி என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்த மாதிரி கல்யாணம் செல்லாதுன்னு ஐகோர்ட்டு தீர்ப்பே இருக்குது. செல்லாத கல்யாணத்துக்கு நான் இன்னான்னும்மா வந்து நிப்பேன்?" என்று மகளிடம் கேட்டார்.

"செல்லுற அன்னிக்கு வாங்க, நைனா," என்றாள் அவள்.

சின்ன காஞ்சிபுரத்தில் அப்பா வீட்டுக் கதவு அவளுக்கு மூடிவிட்டது. அந்தத் தெரு வழியாகத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போக வேண்டும். சுற்றிப் போக வேறு தெரு இருந்தது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை, அந்த வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை. புரட்சியைப் பற்றி ஊரெல்லாம் பேசியவன் நான். தினமும் அந்தத் தெருவில் நடந்தவள் அவள்.

பிறகு அவள் தங்கைக்கு வாலாஜாபாத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்று கேட்டார்கள்: மூத்தவள் கல்யாணமானவளா, இல்லையா? ஆனவள் என்றால் முன்னால் நிற்கட்டும். இல்லையென்றால் பந்தல் பக்கமே வர வேண்டாம். இதை என் மாமியார் கோயில் பிராகாரத்தில் மகளைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார். இவள் தூக்கி வளர்த்த தங்கை. அன்று இரவு இவள் சாப்பிடவில்லை. நானும் எதுவும் பேசவில்லை. எனக்கு அது அபூர்வம்.

அதற்குள் அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் சட்டம் வந்தது: இப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும், ஏற்கெனவே நடந்தவையும் செல்லும். அந்த வாரமே மாமனார் கெஜட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினார். நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டினார். என்னைப் பார்க்காமல் மகளை விசாரித்தார்.

"மாலை மாத்திக்கினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் போட்டேன். அவரு தலைவருக்குப் போட்டாரு."

"மோதிரம்?"

"இல்ல."

"தாலி?"

"இல்ல, நைனா."

மாமனார் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "ஒருத்தர ஒருத்தர் ஏத்துக்கிறோம்னு நாலு பேரு முன்னால வாயால சொன்னாலே போதும்னு இருக்குது. நீ சொன்னியாம்மா?"

"மைக்குல சொன்னேன்."

"அவரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். கிரேக்கத்து ஞானிகள், ரஷ்யாவின் வயல்கள், விதவை மறுமணம், கிரகணம் எல்லாம் பேசியது நினைவிருந்தது. நடுவில் மணப்பெண்ணைப் பற்றி ஏதாவது சொன்னேனா என்பது சத்தியமாக நினைவில்லை.

"சொன்னாரு," என்றார் மாமனார். "கடைசியில. மைக்கு கீச்சுனு கத்திச்சு, அதுக்கப்புறம். இவளை வாழ்க்கைத் துணையா ஏத்துக்கிறேன்னு ஒரே ஒரு வரி."

இவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், நைனா?"

"எதிர்த்த டீக்கடையில டீ குடிச்சிக்கினு இருந்தேன். ஒலிபெருக்கி வெச்சா காதுல விழத்தான விழும்."

"முழுசுமா கேட்டீங்க?"

"கல்யாணம் எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுக்கினே இருந்தேன்."

"அப்ப நாலு பேருல நீங்களும் ஒருத்தருதான்," என்றாள் என் மனைவி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள, தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் முந்தின நாளே வந்துடணும்," என்றார்.

வாலாஜாபாத் பந்தலில் தாலித் தட்டை எல்லோரிடமும் நீட்டி ஆசி வாங்கி வரும் வேலையை மாமனார் இவளிடம்தான் கொடுத்தார். ஒரு சம்பந்தி அம்மாள் தட்டைத் தொடாமல், "கழுத்துல ஒண்ணும் காணோமே?" என்றாள்.

"இவளுக்கு கெஜட்டுல கட்டியிருக்குதும்மா," என்றார் பக்கத்தில் நின்ற மாமனார்.

அந்த அம்மாள் தட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். இவள் நிமிர்ந்தபடி அடுத்த வரிசைக்குப் போனாள். நான் பேசிய எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு காட்சியை நான் உண்டாக்கியதில்லை. சட்டமே எனக்காக எழுந்து நின்று கைதட்டியதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தல் முழுக்கச் சுற்றினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சட்டப்படி என் பெண்டாட்டி ஆகிவிட்டாய். எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இத்தினி வருசமா புடிக்கலன்னா பொட்டியத் தூக்கிக்கினு கிளம்பியிருக்கலாம்," என்றாள். "இனிமே அதுக்கு வக்கீல் வைக்கணும்."