ரேடியேட்டரிலிருந்து ஒரு தம்ளர்

மூன்று வாரத்துக்கு முன் தன் கையால் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தனுப்பிய வண்டி, புதன்கிழமை காலை கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. முன்னால் தோல் டேனரியின் குட்டி யானை லோடு வண்டி. பின்னால், அறுபத்தேழாம் வருஷத்து ஃபியட், பாலாடை நிறத்தில், முகம் தொங்கிப்போய். எழிலரசி ஷெட் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

டிரைவர் சின்னசாமி இறங்கியதும் முதலில் காறித் துப்பினார். பிறகுதான் பேசினார்.

"பாத்துக்க, உன் வேல லட்சணத்த."

"துப்பறத அந்தாண்ட துப்பு. இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? பள்ளிகொண்டா டோல்கேட்ல புஸ்ஸுனு பொகை. உள்ள முதலாளி, பக்கத்துல மேல்விஷாரத்து சம்பந்தி. லாரிக்காரன்லாம் ஆரன் அடிச்சி சிரிக்கறான். ரெண்டு பெரிய மனுசங்களும் ரோட்டோரம் கைக்குட்டைய தலைல போட்டுனு நிக்கறாங்க. பொம்பள மாட்ன கேஸ்கெட்டு, வேற எப்டி இருக்கும்னு சம்பந்தியே கேட்டாரு."

"அவரு கேட்டாரா, நீயா சொல்றியா?"

"யாரு கேட்டா இன்னா? ஊரே கேக்குது."

அது உண்மைதான். அவள் டீக்கடைக்குப் போவதற்குள் பேச்சு டீக்கடைக்குப் போய்விட்டிருந்தது.

பத்து மணிக்கு நயீம் அகமதுவே போன் செய்தார். ஷெட் நின்ற இடம் அவருடையது. அதன் முதுகில் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் அவருடைய டேனரியின் சுற்றுச்சுவர். கத்துகிற ஆள் இல்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்ற வைக்கும் குரல்.

"ஞாயித்துக்கிழம தானிஷுக்கு நிக்காஹ். எங்க வாப்பா அந்த வண்டிலதான் போனாரு, நானும் அதுலதான் போனேன். என் பையனும் அதுலதான் போவான். ஓடலன்னா திங்கக்கிழம ஷெட்ட காலி பண்ணிடு. நெறைய பேஜார் ஆய்டுச்சும்மா எனக்கு."

"ஓடும் பாய்," என்றாள். ஊரெல்லாம் அவரை முதலாளி என்றது. அவள் மட்டும் பாய் என்பாள். அதற்கே அவருக்கு அவளைப் பிடிக்காது.

பிடிக்காதவர்கள் எழிலரசிக்குப் புதிதில்லை. கலவைப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்தவள். பதினோரு வருஷம் கட்டிங் பிரிவில் நின்றாள். தோலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் ஒன்றே கால் மில்லியா, ஒன்றரையா என்று சொல்லிவிடுவாள். அளவுமானி பிறகு வந்து ஆமோதிக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் வேகம் போதாது என்று பேனாவால் அவள் தோளில் குத்தினான். அந்தப் பேனாவைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து அவன் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. கணவன் செல்வகுமாரோடு அவன் மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்தாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தவள் ஐந்து வருஷத்தில் இன்ஜினைப் பிரித்துக் கோத்தாள். அவன் ஓமன் போனான். முதல் வருஷம் தினமும் போன் செய்தான், இரண்டாம் வருஷம் வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாம் வருஷம் நம்பரையே மாற்றிக்கொண்டான். போர்டில் இருந்த 'செல்வா ஆட்டோ ஒர்க்ஸ்' என்பதில் 'செல்வா'வின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தாள். அந்த இடத்தில் வேறு பெயர் எழுதவில்லை. மெக்கானிக் எங்கே என்று யாராவது கேட்டால், "செத்துட்டான். நான் இருக்கேன். வண்டிய உட்றியா, போறியா?" என்பாள். பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் திட்டிக்கொண்டே விட்டார்கள். திட்டிக்கொண்டே திரும்பவும் வந்தார்கள். ஆறு வருஷமாக அவள் சாப்பாடு அந்தத் திட்டில்தான் நடக்கிறது.

பானெட்டைத் தூக்கினாள். ஆயில் கம்பியை உருவினால், பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் ஆயிலுக்குள் புகுந்துவிட்டது. இன்ஜினின் மேல்பாதியை ஹெட் என்பார்கள், கீழ்ப்பாதியை பிளாக் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே கிடந்து தண்ணீரையும் ஆயிலையும் நெருப்பையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைக்கிற தகடுதான் கேஸ்கெட். அது தோற்றுப்போனால் எல்லாம் தோற்கும்.

ரேடியேட்டர் தண்ணீரை வடித்து ஒரு பக்கெட்டில் ஓரமாக வைத்தாள். ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினாள். சின்னசாமி போகாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேவு பார்த்தார்.

"ஒரே ஏத்தா கழட்டேன், இன்னா பூ கட்ற மாதிரி..."

"ஒரே ஏத்தா கழட்னா ஹெட் முறுக்கிக்கும். அப்புறம் உன் முதலாளி உன்ன முறுக்குவாரு."

ஹெட்டைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தாள். முழு மனசோடு பயந்த ஒரே நிமிஷம் அது. தன் வேலைதான் தப்போ? இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு மயிரிழை வெளிச்சம் வரவில்லை, சமமாக இருந்தது. கேஸ்கெட்டை விரலுக்கு நடுவே உருட்டினாள். எல்லா இடத்திலும் ஒரே கனமாக அழுந்தியிருந்தது, இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் இடையில் எரிந்த இடத்தைத் தவிர. அதற்கு நேர் மேலே ஹெட்டின் தண்ணீர்த் துவாரத்தைப் பார்த்தாள். போன முறை வெல்டிங் வைத்து இழைத்து, கண்ணாடி மாதிரி கொடுத்த விளிம்பு. இப்போது கரையான் தின்ற கதவு மாதிரி அரித்துப்போயிருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பொடி.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

ஆம்பூரில் எந்த போர் தண்ணீரும் உப்புதான். அந்த உப்பு அவளுக்குத் தெரியும். இது அதில்லை. தோல் மண்டியில் பச்சைத் தோலின் மேல் அள்ளிக் கொட்டுகிற கல்லுப்பை வாயில் போட்ட மாதிரி இருந்தது.

"யோவ், எந்தத் தண்ணிய ஊத்தன?"

"நீ சொன்ன தண்ணிதான்."

"நான் ஆர்ஓ தண்ணி ஊத்தச் சொன்னேன்."

"ஆர்ஓ தண்ணிதான் ஊத்தனேன்! தெனம் ரெண்டு வாட்டி. பழசு வேணாம்னு வாரத்துக்கு ஒருக்கா வடிச்சி புதுசா வேற ஊத்தனேன். என்னாண்டயே கேக்கறியா?"

"கடைல கேன் வாங்கியா?"

"கேன் எதுக்கு? நம்ம பாய்லர் ரூமாண்டயே ஆர்ஓ மெஷின் ஓடுதே."

எழிலரசி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "வா, காட்டு."

டேனரியின் பாய்லர் அறைக்குப் பக்கத்தில் அந்த மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் போகிற போர் தண்ணீர் இரண்டாகப் பிரியும். உப்பு நீங்கிய பாதி பாய்லருக்கு. அந்தக் குழாயில் பூட்டு தொங்கியது. வேலையாட்கள் வீட்டுக்குக் கேன் கேனாகப் பிடித்துப்போகிறார்கள் என்று ஆபரேட்டர் பூட்டியது. மற்ற பாதி, நீங்கிய உப்பையெல்லாம் சுமந்துகொண்டு வெளியேறும் கழிவு. அது ஒரு நீலக் குழாயில் ராத்திரி பகல் ஓடிக்கொண்டிருந்தது. பளிங்கு மாதிரி, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாமல்.

"இதான்," என்றார் சின்னசாமி, நீலக் குழாயைக் காட்டி. "எப்பவும் தொறந்தே கெடக்கும்."

எழிலரசிக்கு முதலில் அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த கணம் தன்னையும். ஊரில் ஆர்ஓ தண்ணீர் என்றால் கடைக் கேன். இருபது வருஷமாக இந்தச் சுவருக்குள் கிடக்கிற மனுஷனுக்கு ஆர்ஓ என்றால் இந்த மெஷின். எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பிறகுதான் நீலக் குழாய் போகிற வழியைப் பார்த்தாள். அது கழிவை விட வேண்டிய சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகவில்லை. கீழே போய், சுவரில் குடைந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் அவள் ஷெட்டின் பின்புறம். பாலாற்றுக்குப் போகும் கால்வாய். ஷெட்டின் போர் தண்ணீர் இரண்டு வருஷத்துக்கு முன் வாயில் வைக்க முடியாமல் போனது. ஊர் தலையெழுத்து என்று நினைத்துக் கேன் தண்ணீருக்கு மாறியிருந்தாள். திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை ஹெட்டைக் கோணியில் சுற்றி வாலாஜாபேட்டைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனாள். அலுமினியம் வெல்டிங்குக்கு அங்கே ஒருவரைத்தான் நம்புவாள். "கோணில இன்னாம்மா, லக்கேஜா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தபோது, "கொழந்த. அர டிக்கெட் போடு," என்றாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அரித்த விளிம்பை நிரப்பி, இழைத்து, சாயங்காலத்துக்குள் ஆம்பூர் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நயீம் அகமது ஷெட்டுக்கு வந்தார், வெள்ளை ஜிப்பாவில் கறை படாமல் ஒதுங்கி நின்றுகொண்டு. பின்னால் சின்னசாமி.

"இன்னுமா கோக்கல? போன வாட்டி சரியா பண்ணிருந்தா இந்த இஜ்ஜத், மானம் போற வேல வந்திருக்குமா?"

எழிலரசி ஓரமாக வைத்திருந்த பக்கெட்டில் ஒரு தம்ளரை முக்கி எடுத்து நீட்டினாள். தண்ணீர் லேசாகத் துருவேறி இருந்தது.

"வாய்ல ஒரு சொட்டு உட்டு பாருங்க பாய்."

"என்னா திமிரு உனக்கு?"

"உங்க வண்டி மூணு வாரமா குடிச்ச தண்ணி. நீங்க ஒரு சொட்டு குடிக்கக் கூடாதா?"

அவர் விரலை நனைத்து உதட்டில் வைத்தார். முகம் சுளித்தது. துப்புவதற்கு இடம் தேடி, கடைசியில் கைக்குட்டையில் துப்பினார்.

"எங்கேர்ந்து புடிச்ச?" சின்னசாமியைக் கேட்டார்.

"நம்ம பாய்லர் ரூமாண்ட முதலாளி. அந்த நீலக் கொழாய்ல..."

சின்னசாமிக்கு அதற்குமேல் புரியவில்லை. நயீம் அகமதுவுக்குப் புரிந்தது. அவர் கண் ஷெட்டின் பின்சுவருக்குப் போய், அங்கிருந்து எழிலரசியின் முகத்துக்கு வந்தது. அவளும் பார்த்திருக்கிறாள் என்பது தெரிந்ததும் குரல் ஒரு படி இறங்கியது.

"சரி. நடந்தது நடந்துடுச்சி. யாராவது கேட்டா கேஸ்கெட் மட்டம்னு சொல்லிடு. விஷயம் இங்கயே முடியட்டும். ஷெட்ட பத்தி நான் பேசல, நீயும் இத பத்தி பேசாத."

"மட்டமான கேஸ்கெட்ட மாட்னது யாருன்னு கேப்பாங்களே பாய்?"

"கேட்டா கேக்கட்டும். ரெண்டு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

"உங்கள மறந்துடுவாங்க."

அவர் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சின்னசாமி மட்டும் வாசலில் திரும்பி, "குடுத்து வெச்சவ. இருக்க எடம் தர்றேன்றாரு, வாய மூடினு இரேன்," என்றார். "நீ மூடு மொதல்ல," என்றாள்.

புதுக் கேஸ்கெட்டை வைத்தாள். நட்டுகளை இந்த முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்கினாள். ஆயிலை மாற்றினாள். ரேடியேட்டரில் தான் குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரையே ஊற்றினாள். கோபம் முழுக்கக் கைக்குப் போய்விட்டதோ என்னவோ, இத்தனை சுத்தமாக அவள் ஒரு இன்ஜினைக் கோத்ததே இல்லை. சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மாதனூர் வரை போய்த் திரும்பினாள். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

பதினொரு மணிக்கு வண்டியை எடுக்க நயீம் அகமது வந்தபோது கூடவே சம்பந்தியும் வந்தார். நிசார் அஹமது, மேல்விஷாரத்தில் டேனரி வைத்திருப்பவர். டோல்கேட்டில் கைக்குட்டையோடு நின்ற அதே ஆள். மகளை அனுப்பப்போகிற வண்டியைத் தானே பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நேராக எழிலரசியிடம் திரும்பினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா போன வாட்டியும் நல்லாதான் இருந்திருக்கும். அப்புறம் ஏன் நடு ரோட்ல நின்னுச்சி?"

"கேஸ்கெட்டு..." என்று நயீம் அகமது ஆரம்பித்தார்.

"அவங்கள கேட்டேன்."

டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். நயீம் அகமது அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஷெட் இருந்தது, மூலையிலிருந்த லேத் மெஷின் இருந்தது, ஆறு வருஷம் இருந்தது. எழிலரசி பழைய கேஸ்கெட்டை வாசல் ஆணியிலிருந்து எடுத்து நிசார் அஹமதுவின் கையில் வைத்தாள்.

"கேஸ்கெட்டு நல்லாதான் இருந்துச்சி சாப். வண்டிக்கு ஊத்தனது ஆர்ஓ மெஷினோட கழிவுத் தண்ணி. உப்பு ஹெட்ட தின்னுடுச்சி. கொழாய் அந்த செவுத்துக்கு அந்தாண்ட கால்வாய்ல உழுது. வேணும்னா பாருங்க."

நிசார் அஹமது போய்ப் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவர்; பார்க்கத் தேவையில்லை. கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தன் காரில் ஏறிக்கொண்டார்.

"திங்கக்கிழம," என்றார் நயீம் அகமது.

"தெரியும் பாய்."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்னசாமி பூட்டோடு வந்தார். அதற்குள் எழிலரசி லேத்தைக் கழற்றி, வாடகைக்குப் பிடித்த குட்டி யானையில் ஏற்றியிருந்தாள். போர்டையும் இறக்கி ஏற்றியிருந்தாள். பழைய கேஸ்கெட்டை மட்டும் வாசல் ஆணியிலேயே விட்டிருந்தாள்.

"இத யாரு எடுக்கறது?" என்றார் சின்னசாமி.

"உன் முதலாளிதான். தெனம் இந்தப் பக்கம்தானே வர்றாரு, பாக்கட்டும்."

"வாயால கெட்ட நீ. அந்த மனுசன் சும்மா இருக்க எடம் குடுத்தாரு."

"எந்தக் கொழாய்னு நான் சொல்லல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். மத்தது எதுவும் என் தப்பில்ல. இத நீ போற எடத்துல எல்லாம் சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்?"

"சொல்லாட்டி போ."

அவர் பூட்டை மாட்டி அழுத்தினார். அது இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை விழுந்தது. எழிலரசி குட்டி யானையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"மாப்ள வண்டி மேல்விஷாரம் வரைக்கும் போச்சா?"

சின்னசாமி சாவியைச் சட்டைப் பையில் போட்டார். தரையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"போச்சி," என்றார். "எங்கயும் நிக்காம வந்துச்சி."