ரோந்துக் கப்பலின் பேச்சுக் குழாய்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கட்டடங்களைச் சூடாக்குகிற ஹீற்றிங் வேலை செய்கிறவனுக்குப் பழைய கட்டடங்களில் கேட்கிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும், குழாய் சூடாகும், மரம் விரியும், அவ்வளவுதான். இதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாரியில் ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்னக் கப்பல் காட்சியகத்தில் பொய்லர் வேலை வந்தது. நானும் என்னோடு வேலை செய்கிற குகன் அண்ணையும் நாங்கள் குடியிருக்கிற மில்லிக்கனிலிருந்து வான் வண்டியில் போனோம். அண்ணை பேஸ்மென்ற்றுக்கு இறங்கிவிட்டார், நான் மேலே மண்டபத்தில் ரேடியேற்றர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்கிற கீர்த்தனா, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, கூடவே வந்து கதை சொன்னாள். மண்டபம் முழுக்க ஒரே கப்பலின் சாமான்கள். நூறு வருசத்துக்கு முந்திய அரசாங்க ரோந்துக் கப்பலாம். முதலில் களவாக மீன்பிடிக்க வந்த வள்ளங்களைத் துரத்தியது, முதலாம் உலகப் போரில் சாம்பல் நிறம் பூசிப் பீரங்கி பூட்டினார்கள், பிறகு வெளிச்சவீடுகளுக்குச் சாமான் ஏற்றியது, கடைசியில் இரும்புக்கு விற்று உடைத்துவிட்டார்கள்.

“இது வொய்ஸ் பைப், அங்கிள். கப்டன் மேல நிண்டு கதைச்சா எஞ்சின் ரூமில கேக்கும். திஸ் இஸ் ஒறிஜினல்,” என்று சுவரில் பூட்டியிருந்த பித்தளைக் குழாயைக் காட்டினாள். முழ நீளம் இருக்கும். மற்ற முனை பலகையில் முட்டி நின்றது, பலகைக்குப் பின்னால் சீமெந்துச் சுவர்.

ஃபோன் அடித்தது, அவள் போய்விட்டாள். நல்ல மத்தியானம், ஜன்னலால் வெயில் அடிக்கிறது. அப்போதுதான் அந்தக் குழாய் விசிலடித்தது. காற்றாக்கும் என்று காதை வைத்தேன். சூடான ஈரக் காற்று காதில் பட்டது. ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல், அவசரமே இல்லாமல், களைத்துப்போன குரலில், கீழே இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றது.

அண்ணை பகிடிக்காரன். “அண்ணை, உது என்ன விளையாட்டு?” என்று குழாய்க்குள் கேட்டேன். பதில் இல்லை. படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன், அதற்கும் இல்லை. இறங்கிப் பார்த்தால் பொய்லருக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறார். வாயுக் கசிவு. அதைக் காட்டுகிற மீற்றர் வான் வண்டியிலேயே கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கமக்கட்டில் கைகொடுத்து இழுத்தேன், எப்படிப் படியேற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெளியே பனியில் கிடத்திய பிறகுதான் கண் திறந்தார்.

“என்னடா, என்னைக் கொண்டுவந்து ஸ்னோவுக்குள்ள போட்டிருக்கிறாய்?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்று டொக்டர் பிறகு சொன்னார்.

தீயணைப்புக்காரர்கள் வாயுவை வெளியேற்றி முடித்த பிறகு, அவர்களில் ஒருவருக்கு வால்வைக் காட்ட நான் மண்டபத்துக்குள் போனேன். கீர்த்தனாவும் வந்தாள். குழாய் திரும்பவும் விசிலடித்தது. இந்த முறை காதை வைத்தது அந்த மனுசன். கேட்டுவிட்டு நிமிர்ந்து, கீழே வேறு யாரும் வேலை செய்தார்களா என்றார். நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

“கீர்த்தனா, உந்தக் கப்பலில ஆரும் செத்தவையோ?”

“இல்லை அங்கிள். எங்கட ரெக்கோர்ட்ஸில அப்பிடி ஒண்டும் இல்லை. ஏன்?”

கனநேரம் கழித்துத் தீயணைப்புக்காரர் ஏறி வந்தார். கீழே ஒருவரும் இல்லை என்றார், பிறகு அறிக்கையில் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முதல் அவர் செய்ததை நானும் கீர்த்தனாவும் பார்த்தோம். படியேறி வந்தவர் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்தபடி ஒதுங்கி நின்றார், ஒரு ஆள் கடந்து போகிற அளவுக்கு நின்றார், அந்த வெறும் இடத்தைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பிறகுதான் கதவைச் சாத்தினார்.