ஊதுற காரும் உப்புக் காற்றும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு எப்போதும் இரண்டு முதலாளிகள். ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் பானெட்டுக்குள் இருப்பார். பின் சீட்டுக்காரர் ஊர் வந்ததும் இறங்கிப் போய்விடுவார். மற்றவர் இறங்கவே மாட்டார். பழைய கார் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கழித்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்து வருஷம் பிறத்தியார் காரை ஓட்டிவிட்டு, உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் நான் சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். அதற்கு வயது ஒன்பது. ஆனால் ஊரில் வேறு எந்தக் காருக்கும் இல்லாத ஒரு சங்கதி அதற்குள் இருந்தது.

துரை சொன்னதும் நான் கேட்டதும்

கப்பலேறிச் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு மில் இன்ஜினீயர் துரையின் கார் அது. பானெட்டைத் திறந்தால் என்ஜினின் தலைமாட்டில் நத்தைக்கூடு மாதிரி ஒரு அலுமினியக் கூடு. உள்ளே ஒரு சக்கரம். என்ஜின் ஓட ஓட, ஒரு பெல்ட் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். கொல்லன் துருத்தி அடுப்பை ஊதுகிற மாதிரி அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். அதனால் சின்ன என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும். அதற்குப் பெயர் புளோயர் என்றார் துரை. பிறகு ஒரு மணி நேரம் இங்கிலீஷில் என்னவோ விளக்கினார். ‘ஆயில்’ என்ற சொல் மட்டும் இருபது தடவை காதில் விழுந்தது. நான் எல்லாவற்றுக்கும் ‘எஸ் சார்’ போட்டேன். என் கை மட்டும் மட்கார்டை விட்டு வரவில்லை.

துரை உள்ளே போனதும் அவருடைய பட்லர் என்னைத் தனியே கூப்பிட்டார். மணப்பாட்டுக்காரர், வெள்ளைக் கமீஸ் போட்டவர். அவர் சொன்னார்: “நூறு மைலுக்கு ஒருக்கா அந்தக் கூட்டுக்குள்ள எண்ணெய் ஊத்தலேன்னா அது வெடிச்சுப் போவும்னுதான் தொரை இம்புட்டு நேரமும் சொன்னாரு. நீரு காரையா பாத்தீரு, பொண்ணுல்லா பாத்தீரு!”

மில் சங்கு

புளோயர் சும்மா சுற்றாது. வேகம் எடுத்தால் ‘ஊ…’ என்று ஒரு நீண்ட கூவல். முதல் நாள் எனக்கே திக்கென்றது. இரண்டாம் நாள் காலையில் மில் ரோட்டில் கொஞ்சம் அழுத்தி ஓட்டினேன். தூக்குச்சட்டியும் கையுமாக நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திடீரென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். மாடோ கீடோ விரட்டுகிறது என்று நினைத்து நான் பிரேக் போட்டேன். அவர்கள் நிற்கவில்லை. மில் வாசலில் போய்த்தான் நின்றார்கள். அங்கே காவலாளி கால்மேல் கால் போட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊத இன்னும் கால் மணி இருந்தது.

விஷயம் புரிந்ததும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவள் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்தாள். வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னாள்: “அண்ணாச்சி, தெனமும் இதே நேரத்துக்கு ஊதிட்டுப் போங்க. லேட்டுன்னு சொல்லி எங்கள வெளிய நிறுத்துத மேஸ்திரிக்கு இனிமே என்ன வேலைன்னு பாப்போம்.”

இரண்டு குடம் தண்ணீர்

எங்கள் ஊரில் காருக்கு முதல் எதிரி ரோடு அல்ல, காற்று. உப்பளத்துப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் மட்கார்டில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உப்பு படிந்திருக்கும். அப்படியே ஒரு வாரம் விட்டால் தகரம் அப்பளம் மாதிரி பொரிந்துவிடும். புளோயரின் கூடு அலுமினியம். உப்புப் பட்டால் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே தினமும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் தொட்டு ஒரு பூச்சு. கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. தெருக்குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். அந்தக் குழாயடியில் என் மனைவி பொன்னம்மாள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்பாள்.

முதல் வாரம் ஒரு குடம் கேட்டேன், கொடுத்தாள். மறு வாரம் இரண்டு கேட்டேன், அதையும் கொடுத்தாள். ஒருநாள் நான் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, “பாத்தியா, முகம் பாக்கலாம்” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் குனிந்து மட்கார்டில் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள்: “இந்தச் சிறுக்கி குளிக்கிற தண்ணியில பாதி எனக்குக் கெடச்சா, நானும் இப்படித்தான் பளபளன்னு இருப்பேன்.”

மறுநாளிலிருந்து வரிசையில் நானும் நின்றேன்.

பாய் தைக்கிறவர்

மூன்றாவது மாதம் புளோயரின் பெல்ட் அறுந்தது. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன். அப்படி ஒரு சாமானைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் வந்தது. செருப்புத் தைக்கிறவரிடம் மாட்டுத்தோலில் ஒன்று செய்து மாட்டினேன். சூடேறியதும் அது இளகி நீண்டு, புதியம்புத்தூர் எட்டுவதற்குள் நழுவி விழுந்தது. கயிறு திரித்துப் பார்த்தேன், புகைந்தது.

கடைசியில் கடற்கரையில் தோணிகளுக்குப் பாய் தைக்கிற லூர்து அண்ணனிடம் போனேன். மணலில் காலை நீட்டி, உள்ளங்கையில் தோல் பட்டை கட்டி, கித்தான் துணியில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். அறுந்த பெல்ட்டை வாங்கி மோந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கித்தானை நாலு மடிப்பாக மடித்து, மெழுகு ஏற்றிய நூலால் நெருக்கமாகத் தைத்து, இரண்டு முனையையும் சரிவாகச் சேர்த்து மூட்டினார். அரை நாள் வேலை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அண்ணே, இது திருச்செந்தூர் வரைக்கும் தாங்குமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தோணியே நான் தைச்ச பாயில கொழும்புக்குப் போயிட்டு வருது. உம்ம வண்டி அதவிடப் பெரிசாவே?”

அந்தப் பெல்ட் ஒன்றரை வருஷம் ஓடியது.

காளி தள்ளிய கார்

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்ட ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி என் காரை அமர்த்தினார். சிவப்புப் பட்டு, சடாமுடி, வெளியே தொங்கும் நாக்கு, முதுகில் கட்டிய ஆறு மரக் கைகள் எல்லாம் சேர்த்து முழுக் காளி. மரக் கைகள் கதவுக்குள் நுழையாமல், கூரையை மடக்கிவிட்டு மேல்வழியாக ஏற்றினோம். செம்மணல் மேடான தேரிப் பக்கம் போனபோது காற்று கிளம்பியது. அந்தச் செம்மணல் மாவு மாதிரி இருக்கும். சாதாரணக் கார் அதை மூக்கால் சுவாசிக்கும் என்றால், என் கார் வாயைத் திறந்து உறிஞ்சியது. கர்ரென்று ஒரு சத்தம், அத்தோடு வண்டி நின்றுவிட்டது.

பெல்ட்டைக் கழற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, ஊதித் துடைத்து மாட்டினேன். ஆனால் சக்கரம் மணலில் புதைந்திருந்தது. அண்ணாச்சி இறங்கி, இரண்டு சொந்தக் கையாலும் தள்ள ஆரம்பித்தார். ஆறு மரக் கைகளும் மேலே ஆடின. எதிரே நடந்து வந்த கூட்டம் முதலில் திகைத்து நின்றது, பிறகு விழுந்து கும்பிட்டது. அதில் ஒரு பெரியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “ஏலே, அம்மாளே தள்ளுதா, நீங்க கும்பிட்டுக்கிட்டா நிக்கிய? வந்து கைய வைங்கலே!”

திரும்பி வந்ததும் பழைய மல் வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, காற்று நுழைகிற வாயில் இரண்டு சுற்றுக் கட்டினேன். பிறகு தேரி மணல் என்னை ஒன்றும் செய்யவில்லை.

உள்ளே யாரோ

பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். சில இடங்களில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். மற்ற கார்கள் இருமிக்கொண்டாவது ஓடிவிடும். காற்றை அமுக்கித் தள்ளுகிற என் காருக்கு அது ஒத்துக்கொள்ளாது, மேடு ஏறும்போது என்ஜினுக்குள் ‘டக் டக் டக்’ என்று அடிக்கும். ஒரு நாள் ஆதிச்சநல்லூருக்குச் சவாரி. தாழி தாழியாகப் பழைய காலத்து எலும்பைப் புதைத்து வைத்திருக்கிற பறம்பு மேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாத்தியார் வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது சத்தம் தொடங்கியது. அவர் முகம் வெளுத்துப் போய், மெதுவாக என் தோளைத் தொட்டார். “தம்பி, உள்ள இருந்து யாரோ தட்டுதாங்க. நாம அங்கன இருந்து யாரையும் ஏத்திட்டு வரலியே?”

கீழவைப்பார்

இது சிரிக்கிற விஷயமில்லை. சங்கு வியாபாரி ஒரு மரைக்காயரை ஏற்றிக்கொண்டு கீழவைப்பாருக்குப் போயிருந்தேன். அன்று காலையிலிருந்தே புளோயரின் கூவல் சரியில்லை. சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருந்தது. திரும்பும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன். பெல்ட் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், பலம் மட்டும் இருக்காது.

கரையில் ஒரே கூக்குரல். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன சந்தியாகு என்பவரைத் திருக்கை மீன் குத்தியிருந்தது. தொடையில் முள் ஏறி, ரத்தம் நிற்காமல் கொட்டியது. துவாலையால் இறுகக் கட்டித் தூக்கி வந்தார்கள். மரைக்காயர் பெட்டியை எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினார். “நான் மாட்டுவண்டியில வாரேன், நீங்க கெளம்புங்க” என்றார். சந்தியாகு, அவர் மனைவி அந்தோணியா, தூக்கி வந்தவர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். குளத்தூர் வரை மணல் பாதை. பெல்ட் இல்லாமல் இத்தனை பாரத்தோடு அந்த மணலில் ஏற முடியாது. பெல்ட் போட்டால் புஷ் எந்த நிமிஷமும் உதிரலாம், உதிர்ந்தால் சக்கரம் உடைந்து துண்டுகள் என்ஜினுக்குள்ளேயே போகும். நான் ஒரு கணம்தான் யோசித்தேன். இருந்த எண்ணெயை எல்லாம் கூட்டுக்குள் ஊற்றி, பெல்ட்டை மாட்டி, அழுத்தினேன்.

வண்டி மணலைக் கிழித்துக்கொண்டு போனது. கூவல் மாறி, ஓலமாகி, காது கூசியது. பின்னாலிருந்து அந்தோணியா கேட்டாள், “அண்ணாச்சி, வண்டி ஏன் இப்படி அழுவுது?” “அழல தாயி, அது பாடுது. நீ அந்தத் துவாலைக் கட்ட விடாம அமுக்கிப் பிடி” என்றேன். நான் சொன்னதை நானே நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுத்திய காலை எடுக்கவில்லை. கார் தூத்துக்குடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அவரை உள்ளே தூக்கிப் போனபோது பானெட்டுக்குள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அத்தோடு அமைதி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சந்தியாகு கம்பு ஊன்றி, மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு. காரைச் சுற்றி வந்து, பானெட்டில் கை வைத்தார். பிறகு சொன்னார்: “கடலுக்கடியில மூச்ச அடக்குதது எனக்குத் தொழிலு அண்ணாச்சி. ஆனா அன்னைக்கு இந்த வண்டியில வரும்போதுதான் மூச்சு எங்க போச்சுன்னே தெரியல.”

வல்லநாட்டு மேடு

ஆஸ்பத்திரி வாசலில் அன்று உதிர்ந்த புஷ்ஷோடு கார் எட்டு நாள் படுத்துக் கிடந்தது. கார் ஸ்டாண்டில் எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். அந்த நத்தைக்கூட்டைக் கழற்றித் தூக்கிக் கடலில் போடச் சொன்னவர் மாசிலாமணி. ஸ்டாண்டில் புதிய கார் வைத்திருந்த ஒரே ஆள் அவர். நான் அதைக் கழற்றினேன், ஆனால் கடலில் போடவில்லை. துணியில் சுற்றி, துறைமுகத்தில் லாஞ்சுப் படகுகளுக்கு பிட்டராக இருந்த கஸ்பாரிடம் கொண்டு போனேன். சக்கரம் பிழைத்திருந்தது, தண்டு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. கஸ்பார் ஓட்டை லாஞ்சு ஒன்றின் வெண்கல புஷ்ஷை எடுத்து லேத்தில் கடைந்தார். தண்டு வழுக்கிக்கொண்டு நுழையும் வரை நாலு தடவை திருப்பிக் கடைந்தார். எண்ணெய் தானாகச் சொட்டுகிற மாதிரி ஒரு சின்னக் குழாயும் வைத்தார். துரை சொன்ன நூறு மைல் கணக்கு அன்றோடு ஒழிந்தது.

மறு வாரம் பாளையங்கோட்டைக்குச் சவாரி. பஞ்சு வியாபாரிகள் ஐந்து பேர், எல்லாரும் நல்ல கனம். வல்லநாட்டு மேட்டில் எனக்கு முன்னால் மாசிலாமணியின் புதிய கார் கியரை மாற்றி மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு வக்கீல். நான் ஹாரன் அடிக்கவில்லை, தேவைப்படவில்லை. புளோயர் கூவியது. அவர் ஒதுங்கினார், நாங்கள் மேலே போனோம். சாயங்காலம் ஸ்டாண்டில் அவர் என்னிடம் வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “வே செல்லையா, நீரு முந்துனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் வண்டியில இருந்த வக்கீலு, ‘அந்த வண்டியில இன்னும் ஒரு ஆளு ஏறலாமா’ன்னு கேட்டாரு பாரும், அதத்தான் தாங்க முடியல.”

பழைய கார் வாங்குகிறவன் ஏமாளி என்று சொல்கிறவர்கள், அதில் ஒரு நாள் ஏறிப் போய், ஒரு நாள் இறங்கித் தள்ளி, ஒரு நாள் அதன் அடியில் படுத்து சொட்டுகிற எண்ணெயை முகத்தில் வாங்கிவிட்டு வந்து சொன்னால், நானும் மறுத்துப் பேச மாட்டேன்.