லேப் சர்வரில் நான் கம்பைல் செய்த கெர்னல்

நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவே, வயலைத் தூர்த்துக் கட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடமாக ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்தி வருகிறேன். கெர்னல் என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். கணினியின் உறுப்புகளுக்கும் நாம் ஓட்டும் மென்பொருட்களுக்கும் இடையில் நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது முறை என்று பங்கிட்டுக் கொடுக்கிற மையநிரல் அது. லினக்ஸில் அந்தக் கெர்னலின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் பலகையில் கட்டம் போட்டு விளக்குவேன். ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், முன் பெஞ்சில் இருந்த மாணவி கேட்டாள்.

"மேடம், நீங்க கெர்னல் கம்பைல் பண்ணியிருக்கியளா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என் வாய் வேறு சொன்னது.

"பின்னே? எம்.இ. படிக்கும்போதே பண்ணியாச்சு."

"அப்போ எங்களுக்கு ஒருநாள் காட்டித் தாருங்க மேடம்."

வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. அடுத்த வாரம் லேபில் காட்டித் தருகிறேன் என்றேன். பொய்யை அத்துடன் விட்டிருக்கலாம். நானோ, அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பொறுமை இருந்தால் போதும் என்று அறிவுரையும் சொல்லி வைத்தேன்.

எங்கள் லேபில் ஒரு சர்வர் உண்டு. பிள்ளைகள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவர்களுடைய கோப்புகள் அந்த சர்வரில்தான் இருக்கும். அதன் கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியும்: துறைத் தலைவர், நான், லேப் அசிஸ்டென்ட். லேப் அசிஸ்டென்ட் ஏறக்குறைய என் வயதுப் பெண். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர், பத்மநாபபுரம் பக்கத்து ஆள். மற்றவர்கள் எல்லாம் என்னை மேடம் என்பார்கள். அவர் மட்டும் அந்தப் பக்கத்து வழக்கப்படி டீச்சர் என்பார். கல்லூரியில் ஒரு பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கெர்னல் கம்பைல் செய்யத் தெரியுமா என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப் சாவியை மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணணும். இங்கன்னா அமைதியா இருக்கும்."

"அதுக்கென்ன டீச்சர், கொண்டு போங்க. ஏசி ரிமோட் மேசைக்குள்ள கிடக்கு" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லேபைத் திறந்தேன். என் மடிக்கணினி பழையது, இடமும் இல்லை. சர்வர் வேகமானது. தவிர, செய்து முடித்த கெர்னல் அதில் ஓடினால் பிள்ளைகளுக்குக் காட்டவும் வசதி என்று நினைத்தேன். மூல நிரலை இறக்கி, இணையத்தில் கிடைத்த ஒரு குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கட்டளையைக் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றது. ஏதோ ஒரு கருவி இல்லை என்றது. அந்தப் பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடி, யாரோ எழுதியிருந்த பதிலை அப்படியே ஒட்டினேன். நகர்ந்தது. பிறகு இன்னொரு கருவி இல்லை என்றது. அதற்கும் ஒட்டினேன். அப்புறம் ஒரு நூலகக் கோப்பு. அதற்கும்.

பிறகு வந்த பிழை, ஒரு சான்றிதழ்க் கோப்பை உருவாக்க வழி தெரியவில்லை என்றது. அப்படி ஒரு கோப்பை நான் கேட்கவே இல்லையே என்று முழித்தேன். முக்கால் மணி நேரம் தேடியபின், ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் அமைப்புகளை நான் நகலெடுத்தபோது அந்தச் சான்றிதழின் பெயரும் கூடவே வந்துவிட்டது என்று புரிந்தது. சரியாகச் சொன்னால், புரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார், ஆக்கினேன். ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அறுப்பு மெஷின் வயலில் போய்ப் போய் வந்தது. அதை ஓட்டுகிறவருக்குத் தன் வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. சோறு சாப்பிட்டேன், ஓடிற்று. விடைத்தாள் ஒரு கட்டு திருத்தினேன், ஓடிற்று. மூன்று மணிக்குமேல் கம்பைல் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டாத குறை. நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். இடம் இல்லை என்றது.

கணினி எழும்போது முதலில் தேடும் கோப்புகளுக்கென்று வட்டில் ஒரு சிறிய பகுதி ஒதுக்கியிருக்கும். அது நிரம்பிவிட்டது. உள்ளே பழைய கெர்னல்களின் கோப்புகள் எண்களோடு இருந்தன. புதியது வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று அவற்றை அழித்தேன். யோசித்து அழித்தேன் என்று சொல்ல முடியாது. நாலே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி நிறுவினேன். கடைசியில் இரண்டு வரிகளில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அன்று முழுக்க அத்தனை பிழைகளை வாசித்தவள் அந்த இரண்டு வரியை வாசிக்கவில்லை. கணினியை அணைத்து மறுபடி ஏற்றினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. மூலக் கோப்பமைப்பைத் திறக்க முடியவில்லை, கெர்னல் திகைத்து நின்றுவிட்டது என்று பொருள். கெர்னல் பேனிக் என்ற அந்தச் சொல்லை இரண்டு மதிப்பெண் கேள்வியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப ஏற்றினேன். அதே எழுத்துகள். பழைய கெர்னலுக்குத் திரும்பலாம் என்றால், அதை நானே அழித்திருந்தேன். சுவிட்சை அணைத்தேன். லேபைப் பூட்டினேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று. திங்கட்கிழமை சர்வர் தானாகவே எழுந்துவிட வேண்டும் என்றுதான் உள்ளே வேண்டிக்கொண்டிருந்தேன். லேப் அசிஸ்டென்டின் எண் என் போனில் இருந்தது. இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்த மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு இன்டர்னல் லேப் எக்ஸாம். ஒரு பிள்ளையாலும் கணினியில் தன் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. துறைத் தலைவர் வந்தார். சர்வரின் முன்னால் லேப் அசிஸ்டென்ட், பக்கத்தில் நான், பின்னால் வகுப்பு முழுவதும்.

"சனிக்கிழமை யாரும் லேபைத் திறந்தாங்களா?" என்று கேட்டார்.

லேப் அசிஸ்டென்ட் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவதுபோல் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று எனக்கு வழிவிட்டு நின்றார், அவ்வளவுதான்.

"நான் வந்தேன் சார்" என்றேன். "கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணிட்டுப் போனேன். அப்ப நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது. போகும்போது ஆஃப் பண்ணிட்டுப் போனேன்."

அவர் லேப் அசிஸ்டென்ட் பக்கம் திரும்பினார். "அப்போ வெள்ளிக்கிழமை நீ என்ன செய்த?"

"அப்டேட் போட்டேன் சார். நீங்க சொன்னதுதான்."

"அப்டேட் போடத்தானே சொன்னேன், மெஷினைக் கொல்லவா சொன்னேன்? பிள்ளைகளுக்க எக்ஸாம் நிக்குது. டிப்ளமோக்காரிக்க கையில சர்வரைக் குடுத்தது எனக்க தப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்த இடத்தில் நான் பேசாமல் நின்றேன் என்று எழுதிவிட்டால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். நான் பேசினேன். "அப்டேட் போட்டா ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாத்திருக்கணும்" என்றேன். அனுபவசாலியின் குரலில், தன்மையாகச் சொன்னேன்.

லேப் அசிஸ்டென்ட் தலையை ஆட்டினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அன்று மத்தியானம் அரைநாள் லீவு போட்டு, அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டக் கூட்டிப்போக இருந்தார். "லேய், எனக்கு வர முடியாது, நீ அம்மையைக் கூட்டிட்டுப் போ. ஆஸ்பத்திரி சீட்டு பீரோவுக்க மேல இருக்கு" என்று தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மூன்று மணிவாக்கில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, உள்ளே போய், பழைய கெர்னலைத் திரும்ப நிறுவியிருந்தார்.

"டீச்சர், சர்வர் வந்தாச்சு. பிள்ளைகளுக்க ஃபைல் ஒண்ணும் போகல்ல." பிறகு அதே குரலில் சொன்னார்: "உங்களுக்க ஃபோல்டரை நான் அழிக்கல்ல. பெரிசா இருக்கு, பாதி வட்டை அடைச்சிட்டு கிடக்கு. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. கெர்னல் கம்பைல் செய்த அந்த ஃபோல்டர் மட்டுமல்ல, நான் கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றும் சர்வரில் வரிசையாகப் பதிவாகியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தடுமாற்றம் முழுவதையும் அவர் வரிவரியாக வாசித்திருக்கிறார். பழைய கெர்னல்களை அழித்த வரியையும்.

"வேண்டாம்" என்றேன். முகத்தை விடைத்தாளுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் லேபுக்குப் போனேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவள் சுற்றி வளைத்தேன். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் செய்தேன், இடம் போதவில்லை, பிழை பிழையாக வந்தது என்று கெர்னலைப் பற்றியே பேசினேன். கடைசியில்தான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்கிட்ட சொல்லதுக்கு என்ன இருக்கு டீச்சர்? எனக்குத் தெரியும்லா. தெரியாத ஆளுககிட்டல்லா சொல்லணும்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

துறைத் தலைவரிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. வியாழக்கிழமை அவர் அறைக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"விடுங்க மேடம். படிப்பிக்கதுக்குத்தானே செஞ்சிய. இனி அதைக் கிளறாண்டாம், பிள்ளைக முன்னாடி நமக்குத்தான் குறைச்சல்."

"சார், அவங்களை எல்லாருக்கும் முன்னால…"

"அவ ஒண்ணும் நினைக்க மாட்டா. ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பியைக் குடித்தேன். ஒரு வாய் குடிக்கும்வரை எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு தவறான அப்டேட்டுக்கு, அதுவும் அவர் செய்யாத தவறுக்கு, அவருக்குக் கிடைத்தது அத்தனை பேச்சு. சர்வரையே சாய்த்தவளுக்குக் காப்பி.

அடுத்த லேப் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்ததும் சொன்னேன். அன்றைக்கு சர்வர் போனது என்னால், அப்டேட்டால் இல்லை. நான் அதற்குமுன் கெர்னல் கம்பைல் செய்ததே கிடையாது, வகுப்பில் சொன்னது பொய். இவ்வளவுதான் சொன்னேன். பின் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ முணுமுணுத்தான். முன் பெஞ்சு மாணவி தன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் வெட்கப்படுகிறாள் என்று தோன்றிற்று. நல்ல வேலை செய்ததாக எனக்குத் தோன்றவே இல்லை.

லேப் அசிஸ்டென்ட் மூலையில் ஒரு மானிட்டரின் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பி, "நீங்க இவங்களுக்குக் காட்டித் தருவியளா?" என்று கேட்டேன். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

"இன்னைக்கு ஆகாது டீச்சர். வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஒயரோடு வெளியே போனார்.

இரண்டு வாரம் கழித்து அவராகவே ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணவர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் இருந்த கெர்னலுக்கு வைஃபையை இயக்கத் தெரியாததால் வீட்டிலிருந்தே கெர்னல் கம்பைல் செய்யப் படித்ததாகப் பிள்ளைகளிடம் சொன்னார். எனக்கு வந்த அதே பிழைகள் அவருக்கும் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும், "மக்கா, தேடப் போகாண்டாம். மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசி" என்றார். யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார்கள். பாதிப் பிழைகளுக்குப் பதில் அந்தச் செய்தியிலேயே இருந்தது. தேவையில்லாத பாகங்களை முதலிலேயே நீக்கியதால் அந்தப் பழைய கணினியில்கூட மத்தியானத்துக்குள் முடிந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்றார் என்றும் சொல்ல முடியாது.

அந்த செமஸ்டர் முடிந்ததும் தக்கலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வீட்டுக்குப் பக்கம் என்றார், ஒரே பஸ் என்றார். அது மட்டும்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழியனுப்பு விழாவில் துறைத் தலைவர், நம் சர்வரைக் காப்பாற்றித் தந்தவர் என்று அவரைப் புகழ்ந்து பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். விழா முடிந்து லட்டும் மிக்சரும் வாங்கிக்கொண்டு நின்றபோது, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

"ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு டீச்சர்" என்றார். "இப்போ பேப்பரெல்லாம் வாசிக்காங்க."