மருந்தடித்த வரிசையின் ஒற்றைக் கொட்டை

செல்லையா அண்ணாச்சி இறந்த சேதியைப் புதூரிலிருந்து வந்த பால்காரர் சொன்னார். கேட்டதும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்களை மலையிலிருந்து துரத்தியவர் அல்லவா அவர்?

எங்களோடு மலைக்கு வந்த ஊர்க்காரர்களுக்கு அது மறந்திருக்காது. மழை பொய்த்துக் கரிசல் வெடித்துக் கிடந்த வருசம், காப்பித் தோட்டத்துக்கு நம்மைக் கூட்டிப் போன கங்காணி அவர்தான். கோடை மழை விழுந்ததும் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. பூவெல்லாம் தேனீ. நம் பருத்தியில் பூச்சியைக் கண்டால் மருந்தடிப்போம். என் வீட்டுக்காரருக்கு வேறென்ன தெரியும்? நல்லது செய்வதாக நினைத்து, யாரும் சொல்லாமலே ஒரு வரிசை முழுக்க அடித்துவிட்டார். அண்ணாச்சி ஓடி வந்து குழாயைப் பிடுங்கினார்.

"ஏலே மாப்ளே, இது என்ன ஒங்க பருத்திக் காடா? ஈயைக் கொன்னுட்டு எதைப் பறிக்கப் போறே?"

அன்றைக்கே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அடுப்பில் சோறு பாதிதான் வெந்திருந்தது. பானையோடு மலையிறங்கினேன். ஊரில் விதைப்பும் இல்லை, வேலையும் இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பழம் பறிக்கும் காலத்தில் மனுசன் எங்கள் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவரோ மடியிலிருந்து இரண்டு காப்பிப் பழங்களை எடுத்துப் பிதுக்கினார். ஒன்றில் இரண்டு கொட்டை. மற்றதில் ஒன்றே ஒன்று, பட்டாணி மாதிரி உருண்டையாக.

"இது மாப்ள மருந்தடிச்ச வரிசை, தங்கச்சி. ஈ சரியா வராட்டி ஒத்தைக் கொட்டைதான். பாதிப் பூ காய்க்கவே இல்ல. சரி, கெளம்புங்க, பறிப்புக்கு ஆள் காணல."

"அவியள அத்தனை பேரு முன்னால ஏசி, பாதிச் சோத்தோட எறக்கி விட்டீயளே, அதுக்கு என்ன சொல்லுதீய?"

"அதான் கூப்பிட வந்திருக்கேன்லா."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டினார். வேறு வழியில்லாமல் நானும் போனேன். அந்தப் பறிப்பு முடியும்வரை அண்ணாச்சியோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இப்போது எங்கள் காட்டில் சூரியகாந்தி பூத்திருக்கிறது. சேதி வந்த மறுநாள் காலையில் என் மகன் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு பூவுக்குள் இறங்கினான். வரப்புப் பொழியில் நின்று கத்தினேன்: "ஏலே, ஈயைக் கொன்னுட்டு எதை அறுக்கப் போறே?"

அவன் டப்பாவை இறக்கி வைத்துவிட்டான். அந்த ஏச்சு யாருடையது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அண்ணாச்சியிடமிருந்து அதை எடுத்துக்கொண்டேன். வேகாத சோற்றுக்கு மட்டும் அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தையும் நான் விடுவதாக இல்லை.