கேட்டுக்கு வெளியே நின்ற பூப்பல்லக்கு

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரே, என் மனைவியைப் பூவில்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப வைத்தவர் நீங்கள்.

நூம்பலில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவரும் முன்பிருந்தே நான் பூ அலங்காரம் செய்கிறவன். கல்யாண மேடையும் என் வேலை, சாவு ஊர்வலமும் என் வேலை. ஆரம்பத்தில் குமணன்சாவடி மண்டபங்களில் வாழைமரம், மாவிலை, சாமந்திச் சரம் இருந்தால் போதும். பிறகு தெர்மாகோலில் மணமக்கள் பெயரை வெட்டி, சுற்றிலும் ரோஜா குத்தச் சொன்னார்கள். அதன்பின் ஓசூரிலிருந்து ஜெர்பரா வந்தது. ஈரமான பச்சை ஸ்பாஞ்சில் செருகினோம். இப்போது துணிப்பூ. செல்போனில் படம் காட்டி, வெளிர் நிறத்தில் வேண்டும் என்கிறார்கள். ஒரே பூ எத்தனையோ கல்யாணம் பார்த்துவிடுகிறது.

சாவுக்கும் பாணி மாறியது. முன்பு மூங்கிலும் தென்னங்கீற்றும், மேலே கொஞ்சம் சாமந்தி. இப்போது கோபுரம் வைத்த பூப்பல்லக்கு. கேட்டால் மயில்கூட வைப்போம். ஆனால் அதில் துணிப்பூ ஏறியதில்லை. போகிற வழியெல்லாம் பூவைப் பிய்த்து வீசிக்கொண்டே போக வேண்டும். அது இறந்தவருக்கே ஆன பூ. அவரோடு முடிந்துவிட வேண்டும்.

என் மனைவிக்கான பல்லக்கை நானே கட்டினேன். முழுக்கச் சம்பங்கி. மயிலெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. பல்லக்கு வண்டி வாசலுக்கு வந்ததும் நீங்கள் காவலாளியிடம் கேட்டை மூடச் சொன்னீர்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சாவுப் பூ உள்ள கொட்டினா குழந்தைங்க மிதிக்கும். சங்கத்து ரூல் அப்படி. உங்ககிட்டதான் துணிப்பூ மூட்டை மூட்டையா இருக்கே, அதை வெச்சு முடிச்சிடுங்களேன்" என்றீர்கள்.

என் மைத்துனன் கேட்டைப் பிடித்துக் கத்தினான். "இன்னா சார் பேசுற? கண்ணாலத்துக்குக் கட்ன பூவ எங்கக்கா மேல வெக்கச் சொல்றியே, நாளைக்கு அதையே உன் பொண்ணு கண்ணாலத்துக்கு எட்தாந்து கட்னா சும்மா இருப்பியா?"

நீங்கள் கேட்டைத் திறக்கவில்லை.

"வா மாமா. அக்கா மேல வூட்ல காத்துகினு கீது" என்று அவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

வெறும் ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டில் இறக்கினோம். தினமும் அவளோடு பேசிய பெண்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். பக்கத்துச் சின்னக் கேட் வழியாக வெளியே கொண்டுபோய், சாலையோரத்தில், லாரிகள் ஹாரன் அடிக்க, அவளைப் பல்லக்கில் ஏற்றினோம். மைத்துனன் வீசிய முதல் பிடிப் பூ பஸ் சக்கரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு கமிட்டியில் ஒவ்வொருவரையும் கேட்டேன். அப்படி ஒரு ரூலை யாரும் போடவில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அதே வாசலில் பூக்கோலம் போட்டவன் நான்தான். அதைக் குழந்தைகள் மிதித்து ஓடியதை நீங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்தீர்கள்.

போன வாரம் தனியாக வந்து வருத்தம் தெரிவித்தீர்கள். அது எனக்கு வேண்டாம். வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, பால்கனியில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: யாரைக் கேட்டு என் மனைவிக்குக் கேட்டை மூடினீர்கள்?