செவ்வாய்க்கிழமை நுரை

நான் இரண்டு நோட்டு எழுதுகிறவன். ஒன்று வீட்டு டைரி: எழுந்த நேரம், மின்தடை, குழாயில் தண்ணீர் வந்த நாள். இன்னொன்று பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பதிவேடு. ஒன்றில் எழுதுவதை மற்றதில் எழுதுவதில்லை. இந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை இருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. ஓடைக்கு மேற்கே, மேட்டில், ஒரு தொழிற்சாலை. மன்றத்துக்கு வாரம் ஒரு பாடவேளை, செவ்வாய் மூன்றாவது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை முதல் முறை கரைக்கு அழைத்துப்போன அன்றே ஓடை முழுக்க வெள்ளை நுரை. ஒரு பையன் அதை அள்ளித் தாடியாக ஒட்டிக்கொண்டு, "டேய், நான்தான்டா புது ஹெச்.எம்., எல்லாரும் கிளாஸுக்குப் போங்கடா" என்றான். அவனைச் சோப்புப் போட்டு முகம் கழுவ வைத்தேன். அந்தத் தண்ணீரும் ஓடையில்தான் போய் விழுந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளைகள் எதையும் ஆராய்ந்து நம்ப வேண்டும் என்று வகுப்புச் சுவரில் சிவப்பு மையால் மூன்று கேள்விகள் எழுதி ஒட்டியிருந்தேன். யார் பார்த்தது? எத்தனை தடவை? வேறு காரணம் உண்டா? தினமும் அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். நான் படித்ததில்லை, எழுதியவனே நான்தானே.

பதினொரு வாரம் ஓடையைப் பார்த்தோம். பதிவேட்டில், "ஓடையில் எப்போதும் நுரை காணப்படுகிறது. காரணம்: தொழிற்சாலை" என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் தயாரானது. பிள்ளைகள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணினேன். முப்பத்தொன்று.

போடாதவள் கடைசி பெஞ்சுப் பெண். அவள் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை.

"அவங்கப்பா அங்கதான் சார் வேலை பாக்கறாரு, அதான் போட மாட்டேங்குது" என்றான் தாடிக்காரன்.

"ஆமா, அங்கதான் வேலை. லெட்டர் போனா மொதல்ல எங்கப்பாவைத்தான் கேட்டுக்கு வெளிய நிறுத்துவாக" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "சார், மத்த நாள்ல ஓடையைப் பாத்தீகளா?" என்றாள்.

"பதினொரு தடவை பார்த்திருக்கிறோம் அம்மா."

"பதினொண்ணும் செவ்வாக்கிழமை சார்."

அவள் கை சுவரில் இருந்த இரண்டாவது கேள்வியைக் காட்டியது. என் எழுத்து அழகாகத்தான் இருந்தது.

கடிதத்தை அனுப்பாமல் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். பெருந்தன்மையாகக் கொடுத்ததாகத்தான் நினைப்பு. தினமும் பதினொரு மணிக்கு ஓடைக்குப் போனோம். புதன், நுரை இல்லை. வியாழன், இல்லை. வெள்ளி, கறுப்புத் தண்ணீர், நாற்றம், ஒரு செருப்பு, நுரை இல்லை. சனி, ஞாயிறு விடுமுறையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன், அப்போதும் இல்லை. திங்கள், இல்லை. தொழிற்சாலையோ ஒரு நாள் விடாமல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"நம்மளப் பாத்து பயந்துட்டாங்க சார்" என்றான் தாடிக்காரன். அது எனக்கு நல்ல விளக்கமாகப் பட்டது. பதிவேட்டில் ஏற்றினேன்.

செவ்வாயன்று நுரை வந்தது, இடுப்பளவு.

"பயம் போயிருச்சா சார்?" என்றாள் அவள். சிரிக்கவில்லை. "செவ்வாக்கிழமை மட்டும் இங்க என்னதான் நடக்குது?"

"எங்க லைன் வீட்டுல தண்ணி விடுவாங்க" என்றான் தாடிக்காரன், தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே. "வாரத்துக்கு ஒரு நாள்தானே வருது? எங்கம்மா காலையிலயே ஒரு வாரத்துத் துணியையும் ஊறப்போட்டுரும். அப்பா யூனிஃபார்ம்ல ஆயில் கறை வேற. அரைப் பாக்கெட் பவுடர் காலி." சொல்லிவிட்டு நுரையைப் பார்த்தான். தாடையைத் தடவிக்கொண்டான்.

ஓடையோரமாக மேல்நோக்கி நடந்தோம். தொழிற்சாலைக்கு வெகு முன்னாலேயே, லைன் வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் ஒவ்வொன்றாக ஓடையில் பால்போல் ஊற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு நீலக் குழாய். அதிலிருந்துதான் நுரை தடிமனாக வந்தது.

"சார், இது உங்க தெரு பைப்புதானே?" என்றது ஒரு குரல். யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை வீட்டில் இரண்டு நோட்டுகளையும் முதல் முறையாக ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். டைரி: "செவ்வாய். தண்ணீர் வந்தது. துணி துவைத்தாயிற்று." பதிவேடு: "செவ்வாய். நுரை." இப்படியே பத்து வாரம். ஒரே ஒரு வாரம் டைரியில், "குழாய் உடைப்பு. தண்ணீர் வரவில்லை." அதே நாள் பதிவேட்டில், "நுரை மிகக் குறைவு. தொழிற்சாலைக்கு நம் ஆய்வு தெரிந்துவிட்டது போலும்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. உங்க வெள்ளைச் சட்டை ஆறுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பவுடர். கஞ்சி போட்ட மாதிரி விறைப்பா இருக்கணும், பளபளன்னு இருக்கணும். ஓடை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?"

மறுநாள் பழைய கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கிழித்தேன். இரண்டு நோட்டையும் படித்துக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்ல நினைத்ததைவிட மெதுவாகத்தான் குரல் வந்தது.

கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "ஃபேக்டரி சுத்தம்னு நான் சொல்லல சார். அந்தக் கறுப்புத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு இன்னும் பாக்கல. நுரை அவுகளோடது இல்ல, அம்புட்டுத்தான்."

கழிவுநீருக்கு வடிகால் கேட்டு மாநகராட்சிக்குப் புதுக் கடிதம் எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது, நீலக் குழாய்க்காரன் என்ற முறையில். தாடிக்காரன் தன் அம்மாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வந்தான். பவுடரைப் பாதியாகக் குறைப்பதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். கடைசியில் கடிதம் அவளிடம் போனது. பேனாவைத் திறந்தாள். படித்தாள். மூடினாள்.

"என்னம்மா?"

"சார், 'ஒவ்வொரு செவ்வாயும் நுரை வருகிறது'ன்னு எழுதியிருக்கீக. குழாய் உடைஞ்ச செவ்வா?"

"தண்ணீர் வரும் செவ்வாய்க்கிழமைகளில்" என்று திருத்தினேன். ஸ்கேலை எடுக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் போட்டதை மட்டும் எண்ணினேன். முப்பத்திரண்டு.